என் நோட்டில் ஏறாத சத்தம்

அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் அழகைக் காணவேண்டும் என்று ஒற்றைக் காலில் தவம் நின்ற எங்கள் கோமதித் தாயை முதலில் வணங்குகிறேன்.

பூ மார்க்கெட்டில் தராசு பிடித்த கையால் தாளமும் பிடிக்கத் தெரிந்த, இந்த இசை ரசிகர் மன்றத்தின் ஏழாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் துரைப்பாண்டி அண்ணாச்சி அவர்களே, பாடுபட்டு இந்தப் பந்தலைப் போட்ட செயலாளர் தம்பி அவர்களே, பாட்டுக்கு என் பேச்சு எப்போது வழிவிடும் என்று பின்னால் பொறுமையோடு காத்திருக்கும் மெல்லிசைக் குழுவினரே, வயதிலும் வாழ்விலும் மூத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்தமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, குருவிகுளத்திலிருந்தும் சிவகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் தெற்கு ரத வீதி முப்பிடாதியம்மாளின் பணிவான வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. நான் அவ்வளவு உயரம் இல்லை. போதும், போதும்.

சிறந்த ரசிகை என்று என்னை அழைத்தார்கள். எனக்குப் பிடித்த வாத்தியக்காரர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. மிச்சமெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தது. அதனால் இலக்கணமாகப் பேச வராது. இருந்ததை இருந்தபடி சொல்ல வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆடித்தபசுக் கச்சேரிக்கு அச்சாகி வந்திருக்கும் அழைப்பிதழில் ஒரு பெயர் இல்லை. கடையநல்லூர் கபீர். இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பிள்ளை. அந்தப் பெயர் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு மேடை எதற்கு, மாலை எதற்கு?

செயலாளர் தம்பி என்னைப் பார்க்கிறார். பத்து நிமிடத்தைத் தாண்டமாட்டேன் தம்பி. தாண்டினாலும் கொஞ்சம்தான் தாண்டுவேன்.

எனக்குப் பிடித்த வாத்தியக்காரர்கள் யார்? நாதசுரத்தில் மேலே மேலே ஏறுகிறவரா? இல்லை. வில்லுப்பாட்டில் வீசுகோல் பிடித்து வில்லடித்துக் கதை சொல்கிறவரா? இல்லை. அவர்களுக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. எனக்குப் பிடித்தவர்கள் அடியில் கிடக்கிற சத்தத்தை வாசிக்கிறவர்கள். பாட்டு நிற்கிற தரையைப் போட்டுக் கொடுக்கிறவர்கள். தரையை யார் பார்க்கிறோம்? கோலம் போட்டிருந்தால் பார்ப்போம்.

நம் கோயில் மேளத்தில் ஒத்து ஊதுகிற மூக்காண்டி அண்ணாச்சியை எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்கிறேனே தவிர, அவர் முகம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நான் ஆடித்தபசுக்குக் கோயிலை ஆடிச்சுத்து நூற்றியெட்டு சுற்றுகிறவள். சுற்றச் சுற்ற வலி கணுக்காலில் தொடங்கி இடுப்புக்கு ஏறும். நாதசுரம் எங்கெங்கோ போகும், வரும். ஒத்து மட்டும் போகாது, வராது. அதே இடம், அதே ஒரு சுரம். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுத்துக்கொண்டு நிற்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுபதாவது சுற்றுக்கு மேல் நான் நடந்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர் மாதிரி.

ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். ஒத்து இல்லாமலே மேளம் நடந்தது. நாதசுரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுத் தவில்காரரைப் பார்த்து, "ஏ, நான் எங்கன நிக்கேன்னு எனக்கே தெரியல வே" என்றார். என் காதால் கேட்டேன். அவ்வளவு பெரிய வித்வான். ஒரே ஒரு சுரம் ஊதுகிற ஆள் இல்லை என்றதும் அவருக்கு வழி தெரியவில்லை.

மூக்காண்டி அண்ணாச்சியிடம் அப்புறம் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க இல்லாம மேளம் தடுமாறிட்டு." அவர் சொன்னார்: "தடுமாறட்டும் தாயி. இல்லேன்னா எனக்குக் காய்ச்சல்னே அவனுகளுக்குத் தெரிஞ்சிருக்காது."

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

அடுத்து, குடம் அடிக்கிற இசக்கிப்பாண்டி. குருவிகுளம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு என்றால் குடம் அவர்தான். மண்குடத்தை மடியில் சாய்த்து, அதன் வாயில் மட்டையால் தட்டுவார். அந்தக் குடத்துக்குள்ளிருந்து வருகிற சத்தம் காதுக்கு வராது, நெஞ்சுக்கு வரும். சாமி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தச் சத்தத்தில் உடம்பு முதலில் உலுக்குகிறது என்று. கதை கேட்டா வருகிறது? குடம் கேட்டு வருகிறது.

ஒரு கொடையில் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு இளவட்டம் அவரைப் பார்த்து, "என்ன பெரியாளு, பாட்டுக்காரரு மூச்சுப் பிடிச்சுப் பாடுதாரு, நீரு பானையைத் தட்டிக்கிட்டு இருக்கீரு, உள்ள சோறு இருக்கான்னு பாக்கீரோ" என்று கேட்டான். கூட்டமே சிரித்தது. இசக்கிப்பாண்டி மட்டையைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்தார். பாட்டுக்காரர் இரண்டு அடி பாடினார், மூன்றாவது அடியில் தொண்டையைச் செருமினார், நாலாவதில் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, எடும்வே மட்டையை" என்றார். அந்த இளவட்டம் இன்றைக்கு இந்தப் பந்தலில் இருக்கிறான். பேர் சொல்லமாட்டேன். தலையைக் குனியாதே மக்கா, உன்னைவிடப் பெரிய தப்பு நான் செய்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

கிறிஸ்துமஸ் மாதம் வேதக்கோயில்காரர்கள் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு வருவார்கள். எங்கள் தெருவுக்கும் வருவார்கள், நானும் வாசலில் நின்று கேட்பேன். சாமி வேறானாலும் சுதி ஒன்றுதானே. அதில் சுவிசேஷமுத்து வாத்தியார் கீழ்க்குரல் பாடுவார். நாலு குரலில் அவர் குரல்தான் கீழே. பெண்பிள்ளைகள் மேலே பாடும்போது என் பக்கத்து வீட்டு மதினி, "அந்த வாத்தியாரு என்ன, கூடவே முனங்கிக்கிட்டு வாராரு" என்பாள். ஒருநாள் அவர் வரவில்லை. அன்றைக்குப் பாட்டு, கால் இல்லாத கட்டில் மாதிரி இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படி மூன்று பேரை ரசிக்கத் தெரிந்த நான் நாலாவது ஆளுக்கு என்ன செய்தேன்? கேளுங்கள்.

எங்கள் வீட்டு எதிரில் ஒரு மின்கம்பம். திருவிழா வந்தால் மைக் செட் உச்சிமாகாளி அதில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுப் போவார். ஆடித்தபசுக் கச்சேரியை நான் மேடைக்கு முன்னால் போய்க் கேட்டதே இல்லை. வீட்டில் விருந்தாள் இருக்கும், இலை போடவேண்டும், பந்தி பார்க்கவேண்டும். அந்தக் குழாய் வழியாகத்தான் கேட்பேன். கேட்டதை நோட்டில் எழுதுவேன். இது என் பழக்கம். பால் வந்ததும் எழுதுவேன், மழை பெய்ததும் எழுதுவேன், கச்சேரியும் எழுதுவேன். என்ன பாட்டு, யார் பாடினார், அதில் என்னென்ன வாத்தியம் கேட்டது. அழைப்பிதழைப் பார்த்து வாத்தியத்துக்கு ஒரு கட்டம். வயலின், புல்லாங்குழல், ஆர்மோனியம், தபேலா, கிட்டார், பேஸ் கிட்டார். கேட்டால் ஒரு கோடு. கேட்காவிட்டால் கோடு இல்லை.

எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று. மூன்று ஆடித்தபசு, அறுபத்திநாலு பாட்டு. கபீரின் கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை.

இந்த நோட்டின் பெருமையை என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோனார். அங்கிருந்து மன்றத்துக்கு வந்தது. இந்தப் பங்குனியில் குழுவில் ஆளைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மன்றத்தார் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். நானும் பெருமையாகத்தான் விரித்துக் காட்டினேன். வாயையும் சும்மா வைத்திருக்கவில்லை. "மேடையில ரெண்டு கிட்டாரு நிக்கி. ஒண்ணு வாசிக்கி, ஒண்ணு சும்மா நிக்கி" என்று சொன்னேன். சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

கபீரை நிறுத்தினார்கள். என் நோட்டை வைத்து நிறுத்தினார்கள்.

சித்திரையில் கபீரின் உம்மா அலிமா பீவி, எப்போதும் போல விற்கிற சேலைக் கட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். கட்டைப் பிரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"முப்பிடாதிக்கா, உங்க நோட்டுல எம் மவன் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லையாமே?"

"கேட்டா எழுதியிருப்பேன் அலிமா. கேக்கலையே. என் நோட்டு பொய் சொல்லாது."

"அவன் தறி முடிச்சு, பஸ்ஸு ஏறி, அந்தக் கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு வருவான். கண்டக்டரு, இதுக்கும் ஒரு டிக்கெட்டு எடும்பான். மூணு வருசம் அப்படி வந்து சும்மாவா நின்னான்? இப்ப சிவகிரிக்கு முன்னமே ஒத்துக்கிட்ட ஒரு கச்சேரி இருக்கு. அது முடியவும் பரண்ல ஏத்திருவேங்கான். ஏன்லேன்னு கேட்டா, ஊமைக்கு எதுக்கும்மா மேடைங்கான்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? யோசிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எல்லாருக்கும் எல்லாம் அமையாது அலிமா" என்று சொல்லிவிட்டு விளக்கேற்ற உள்ளே போனேன். சாமி முன்னால் போய் நின்றவளுக்கு அவள் முகம் தெரியவில்லை பாருங்கள்.

வைகாசியில் சிவகிரியில் என் நாத்தனார் வீட்டுக் கோயில் கொடை. போயிருந்தேன். அங்கே இதே குழு, அதே கபீர். பந்தி முடிந்து வந்ததால் இடமில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். மடியில் பிரசாதப் பாயசம் இருந்த தூக்குவாளி. பாட்டு ஆரம்பித்ததும் தூக்குவாளி மூடி கிணுகிணுவென்று ஆடியது. கையை வைத்து அமுக்கினேன். எடுத்தால் மறுபடியும் ஆடியது. ஜெனரேட்டர் அதிர்கிறது என்று நினைத்தேன். பாட்டு நின்றது, ஜெனரேட்டர் ஓடுகிறது, மூடி ஆடவில்லை. அடுத்த பாட்டு வந்தது, மூடி ஆடியது. அதிலும் ஒரே மாதிரி ஆடவில்லை. நின்று நின்று, தாளத்தோடு ஆடியது.

மேடையைப் பார்த்தேன். கபீரின் விரல் கம்பியைத் தொடும்போது மூடி ஆடுகிறது. விரல் எடுத்தால் மூடி நிற்கிறது.

ஐந்து பாட்டு பார்த்தேன். எனக்கு ஒரு பாட்டும் காதில் விழவில்லை, மூடியையும் விரலையும்தான் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டது. மூன்று வருடமாக என் தெருவுக்கு வராத சத்தம். கீழே, வெகு கீழே, பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற சத்தம்.

எழுந்து போய் உச்சிமாகாளியைப் பிடித்தேன். நம்ம ஊர் மைக் செட்தான் அங்கேயும்.

"ஏ உச்சிமாகாளி, இந்தச் சத்தம் எங்க தெருக் குழாயில வாரதில்லையே?"

"எப்படிக்கா வரும்? குழாயில அடிச்சத்தம் ஏறாது. மேல்சத்தம் மட்டுந்தான் கத்தும். அடிச்சத்தத்துக்குப் பொட்டி வேணும்."

"இதை ஏன் மன்றத்துல சொல்லலை?"

"என்கிட்ட யாருக்கா கேட்டா?"

யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? நீங்கள் கேட்டீர்களா? மன்றத்துப் பெரியவர்கள் கச்சேரி அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? வரவேற்பு வளைவுக்குப் பக்கத்தில், குழாய்க்கு அடியில். கடைக்காரர்கள் எங்கே? குழாய்க்கு அடியில். நான்? குழாய்க்கு எதிரில், கையில் பென்சிலோடு. ஊர் முழுக்கக் குழாயைக் கேட்டுவிட்டு, பிள்ளை வாசிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னோம். என் நோட்டு பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் எழுதினேன். ஆனால் கேட்காததை இல்லை என்று எழுதிவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை என்பதும், அவன் வாசிக்கவில்லை என்பதும் ஒன்றா தாய்மார்களே? இந்த வித்தியாசம் தெரியாமல் நான் கட்டத்தை வெறுமையாக விட்டேன், அந்த வெறும் கட்டத்தில் ஒரு பிள்ளையின் பிழைப்பு போயிற்று, பேர் போயிற்று, பெற்றவள் முகம் போயிற்று.

செயலாளர் தம்பியிடம் மறுநாளே வந்து சொன்னேன். நல்ல தம்பி. உள்ளதைச் சொன்னார்: "அழைப்பிதழ் அச்சுக்குப் போயிட்டுக்கா. நீங்க எழுதினதை நம்பித்தானே செஞ்சோம். இப்ப நீங்களே மாத்திச் சொன்னா, எதைக்கா நம்புறது?" நியாயமான கேள்வி. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டாம். என் நோட்டையும் நம்பவேண்டாம். இப்போது இங்கேயே கேளுங்கள்.

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கபீர் தம்பி, மேடைக்கு வாங்க. உங்க உம்மா கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருக்காங்க. நான்தான் கேட்டுக்கொண்டேன். வாங்க தம்பி, என் மேல் கோபம் இருந்தால் வாசித்த பிறகு பேசிக்கொள்ளலாம். அலிமா, நீயும் இப்படி முன்னால் வந்து உட்காரு.

உச்சிமாகாளி, அந்தக் குழாய்களை நிறுத்திவிடு. நான் கத்திப் பேசிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான், நாலு பிள்ளை வளர்த்தவள். பெட்டி ஸ்பீக்கரைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வை. குழுவினரே, ஒரு பாட்டு வாசியுங்கள். பாடவேண்டாம், வாத்தியம் மட்டும். நடுவில் நான் கையைத் தூக்கினால் கபீர் மட்டும் நிறுத்தட்டும், மற்றவர்கள் நிறுத்தவேண்டாம். மறுபடி தூக்கினால் கபீர் சேர்ந்துகொள்ளட்டும்.

(குழுவினர் வாசிக்கிறார்கள்.)

போதும். நன்றி.

நீங்கள் எல்லோரும் மேடையைப் பார்த்தீர்கள். நான் உங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் பாதிப் பந்தல் காலால் தாளம் போட்டது. ஆண்கள் பக்கம் செருப்புச் சத்தம், பெண்கள் பக்கம் மெட்டிச் சத்தம். நான் கையைத் தூக்கினேன். வயலின் நிற்கவில்லை, தபேலா நிற்கவில்லை, பாட்டு நிற்கவில்லை. உங்கள் கால்கள் நின்றுவிட்டன. யார் நிறுத்தச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. மறுபடி கையைத் தூக்கினேன், மறுபடி கால்கள் ஆடின. தலைவர் அவர்களே, மன்னிக்கவேண்டும், உங்கள் வலது கால் செருப்பையும் பார்த்தேன். அதுவும் நின்றது, அதுவும் ஆடியது.

அண்ணாச்சி சிரிக்கிறார். என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி? சத்தமாகச் சொன்னால் நல்லது. சரி, நானே சொல்லிவிடுகிறேன். "கார்டு அச்சடிச்சாச்சே தாயி, இனி என்ன செய்ய" என்கிறார். கபீர் வாசிக்கட்டும் என்பதில் அவருக்கு மறுப்பு இல்லை. அப்படித்தானே? தலையாட்டிவிட்டார், ஊர் பார்த்துவிட்டது. கார்டுதான் இடைஞ்சல் என்றால் அது என் வேலை. கட்டுகளை இன்றைக்கே என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஐந்நூறு கார்டு. வாத்தியக்காரர் பெயர்களுக்குக் கீழே இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். 'பேஸ் கிட்டார், கடையநல்லூர் கபீர்' என்று ஐந்நூறிலும் மையில் எழுதித் தருகிறேன். என் எழுத்து குண்டு எழுத்து, நாலு பேருக்குப் புரியும். தபசுக்கு இன்னும் பதினெட்டு நாள். நாலே நாளில் முடித்துத் தருவேன். கச்சேரி அன்று தெற்கு ரத வீதியிலும் ஒரு பெட்டி ஸ்பீக்கர் வேண்டும். அதை உச்சிமாகாளி ஒத்துக்கொண்டுவிட்டார்.

கபீர் தம்பி, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நீங்க மூன்று வருடமும் வாசிச்சிருக்கீங்க. அறுபத்திநாலு பாட்டிலும் வாசிச்சிருக்கீங்க. கேட்காமல் எழுதியது என் தப்பு. மன்னிச்சிருங்க.

தம்பி என்னமோ சொல்கிறார். "அறுபத்திமூணுதான்க்கா, ஒரு பாட்டுல கம்பி அந்துட்டு" என்கிறார். சரி, அறுபத்திமூன்று.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், தப்பு செய்தவளுக்கும் மேடை கொடுத்த மன்றத்துக்கும், கூப்பிட்டதும் மனக்கசப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த அலிமா பீவிக்கும், கால் ஆட்டிச் சாட்சி சொன்ன உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி. இனி இந்த மேடை பாட்டுக்காரர்களுடையது. கபீர் பின்னால் நிற்கவேண்டாம், கொஞ்சம் முன்னால் வந்து நிற்கட்டும். சங்கரநாராயணர் துணை. வணக்கம்.